மணியாச்சிக் குறும்படத்துக்கான போலித் துப்பாக்கி: முன்பு எடுத்த காட்சியில் உள்ளதைப் போலவே புதியதை ஆக்குவது எப்படி?

கேள்வி (பாளையங்கோட்டையிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட நிகழ்வை வைத்து நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்து வருகிறோம். அதில் காட்சிப் பொருள்களுக்கு நான் பொறுப்பு. வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி என்பதால், எங்கள் இயக்குநர் அந்தக் காலத்தில் பரவலாகப் புழங்கிய பிரௌனிங் 1900 மாதிரியைப் படத்துக்கெனத் தேர்ந்தெடுத்தார்.

சென்ற ஆண்டு செங்கோட்டையில் ஒரு பழைய வீட்டில் முதற்பாதியை எடுத்து முடித்தோம். துணிப் பொதியைப் பிரித்துத் துப்பாக்கியை வெளியே எடுத்து, மடித்த கடிதம் ஒன்றின் பக்கத்தில் பத்தமடைப் பாயின் மேல் வைக்கும் நெருக்கக் காட்சி அதில் இருக்கிறது. அதற்காகச் சென்னையில் படப்பொருள்களை வாடகைக்குத் தரும் ஒரு கடையிலிருந்து மரத்தால் செய்த போலித் துப்பாக்கி ஒன்றை எடுத்து வந்து, நான்கு நாளில் திருப்பிக் கொடுத்தோம். இப்போது மணியாச்சிக் காட்சிகளுக்காக மறுபடியும் கேட்டபோது, அது கைமாறிப் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். அளவெடுத்து வைக்காமல் விட்டது என் தவறு.

வேறு வழியின்றிப் பிளாஸ்டிக்கில் செய்த கோல்ட் 1911 போலி ஒன்றை வாங்கியிருக்கிறேன். அதை அறுத்தும், எம்-சீல் வைத்து நிரப்பியும், வண்ணம் பூசியும் பழைய காட்சியில் உள்ளதைப் போல ஆக்க முடியுமா? இன்னொரு ஐயமும் உண்டு. வாடகைக்கு எடுத்த துப்பாக்கியின் கைப்பிடித் தகடுகள் தேக்கு நிறத்தில் இருந்தன. உண்மையான துப்பாக்கியின் படங்களில் அவை கறுப்பாக இருக்கின்றன. புதியதில் இந்தப் பிழையைத் திருத்த வேண்டுமா, அப்படியே விட வேண்டுமா?

பதில் (திருநெல்வேலி சந்திப்பிலிருந்து, நாடகப் பொருள்கள் செய்பவர்)

தம்பி, உங்கள் கையில் உள்ள பிளாஸ்டிக் துப்பாக்கியை அறுக்க வேண்டாம்; அதிலிருந்து நீங்கள் தேடும் உருவம் வராது. கோல்ட் 1911 ஏறத்தாழ 21.6 செ.மீ. நீளம். பிரௌனிங் 1900 ஏறத்தாழ 17 செ.மீ.தான். நீளத்தை மட்டும் குறைத்துவிடலாம் என்று வைத்துக்கொண்டாலும், கோல்ட்டின் பின்புறத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குதிரை (சுத்தியல் போன்ற உறுப்பு) பிரௌனிங்கில் வெளியே தெரியவே தெரியாது. எல்லாவற்றையும்விடப் பெரிய வேறுபாடு முகப்பில் இருக்கிறது. பிரௌனிங் 1900இல் குழல் கீழேயும் மீள்விசைச் சுருள் (சுட்டதும் பின்னே போகும் பகுதியை மறுபடி முன்னே தள்ளும் கம்பிச்சுருள்) அதற்கு மேலேயும் அமைந்திருப்பதால், குண்டு வெளிவரும் வாய் தாழ்வாகவும், அதற்கு மேல் தட்டையான கட்டை ஒன்றை வைத்ததைப் போலவும் தோன்றும். அந்தத் தோற்றம்தான் பார்ப்பவர் மனத்தில் நிற்கும். இரண்டு துப்பாக்கிகளையும் வடிவமைத்தவர் ஜான் பிரௌனிங் என்பது உண்மை. ஆனால் கோல்ட்டை அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்டதே 1911 மார்ச் மாதத்தில். மூன்று மாதங்களுக்குள் அது மணியாச்சிக்கு வந்திருக்க வழியில்லை. ஆண்டு ஒன்றாக இருப்பதைக் கண்டு ஏமாந்துவிடாதீர்கள்.

படங்களைத் தேடும்போதும் கவனம் தேவை. 1914இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுடப் பயன்பட்ட பிரௌனிங் 1910 மாதிரியின் படங்கள் இதனுடன் கலந்தே வரும். அதில் சுருள் குழலைச் சுற்றியே இருப்பதால் முகப்பு உருண்டையாக, வேறு விதமாக இருக்கும். 1909 அக்டோபரில் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் முன்னாள் பிரதமர் இத்தோ ஹிரோபுமியைக் கொரியாவின் ஆன் சுங்-குன் சுட்ட துப்பாக்கி 1900 மாதிரி. ஒரு ரயில் நிலையம், ஓர் அதிகாரி, ஓர் இளைஞர் என்று மணியாச்சியோடு பொருந்தி வருவதால் எனக்கு அந்தச் செய்தி எப்போதும் நினைவில் நிற்கும். நீங்களும் அதை ஒட்டித் தேடினால் சரியான படங்கள் கிடைக்கும்.

கைப்பிடியின் நிறத்தை மாற்றாதீர்கள். உங்கள் படத்துக்குள் அந்தத் துப்பாக்கி ஏற்கெனவே பிறந்துவிட்டது. செங்கோட்டை வீட்டில் தேக்கு நிறமாக இருந்தது மணியாச்சியில் கறுப்பாக மாறினால், வரலாறு தெரிந்தவர்கூட அதைத் திருத்தம் என்று கொள்ள மாட்டார். வேறு துப்பாக்கி என்றே எண்ணுவார். கறுப்புதான் வேண்டும் என்று இயக்குநர் உறுதியாக இருந்தால், பாய்மேல் வைக்கும் காட்சியைப் புதிய துப்பாக்கியோடு மறுபடியும் எடுத்துவிடுங்கள். இரண்டில் ஒன்றுதான் செய்ய முடியும்.

பதில் (அம்பாசமுத்திரத்திலிருந்து, கடைசல் பட்டறை வைத்திருப்பவர்)

மேலே அண்ணாச்சி சொன்னது முழுவதும் சரி. மரத்திலேயே புதிதாகச் செய்துவிடுங்கள். வேலை தெரிந்த ஒருவருக்கு மூன்று நாள் போதும். அளவு இல்லையே என்று வருந்த வேண்டியதும் இல்லை, ஏனென்றால் உங்கள் காட்சிக்குள்ளேயே அளவுகோல் இருக்கிறது. துப்பாக்கிக்குப் பக்கத்தில் கிடக்கும் அந்தக் கடிதம் இன்னும் உங்களிடம் இருக்கும் அல்லவா? அந்தக் காட்சியிலிருந்து ஒரு சட்டகத்தைப் பெரிதாக அச்சிட்டு, அதில் கடிதத்தின் நீளத்தை அளந்து, கையில் உள்ள உண்மையான கடிதத்தின் நீளத்தோடு ஒப்பிட்டால் விகிதம் கிடைத்துவிடும். அந்த விகிதத்தால் துப்பாக்கியின் ஒவ்வொரு பகுதியையும் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கடிதம் பாயோடு ஒட்டிக் கிடக்கிறது, துப்பாக்கிக்கோ கனம் இருக்கிறது. அதன் மேற்பரப்பு கேமராவுக்குச் சற்று அருகில் இருப்பதால், நீங்கள் கணக்கிடும் அளவு உள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

மரத்துக்கு மஞ்சள் கடம்பு எடுங்கள். எங்கள் ஊரில் சொப்புச் சாமான் கடைவதற்குக் காலங்காலமாகப் பயன்படும் மரம் அது. இழை நெருக்கமாக இருப்பதால் எவ்வளவு நுணுக்கமாக அரம் போட்டாலும் சிதறாது. தேக்கில் செய்தால், எத்தனை பூச்சு கொடுத்தாலும் அதன் ரேகை வண்ணத்தின் அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். இரும்பு என்று எவரும் நம்ப மாட்டார்கள். ஆகவே உடலுக்குக் கடம்பு, கைப்பிடித் தகடுகளுக்கு மட்டும் உங்கள் பழைய காட்சிக்கு ஒப்பத் தேக்கு என்று வைத்துக்கொள்ளலாம். விசையைச் சுற்றியுள்ள வளையத்தை மரத்தில் வெட்டினால் இழை குறுக்கே ஓடும் இடத்தில் முதல் நாளே முறியும். இரண்டு மில்லிமீட்டர் அலுமினியப் பட்டையை வளைத்து, இரு முனைகளையும் உடலுக்குள் பதித்து ஒட்டுங்கள். பின்புறத்தில் பிடித்து இழுப்பதற்கான வரிகளை முக்கோண அரத்தால் போடலாம். குழலின் வாயை ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் துளைத்து உட்புறத்துக்குக் கறுப்பு பூசினால் போதும். அதற்கு மேல் ஆழமாகத் துளைக்க வேண்டிய தேவை எந்தக் காட்சிக்கும் இல்லை.

எடையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உண்மையான பிரௌனிங் 1900 ஏறத்தாழ 625 கிராம் இருக்கும். அதே அளவு மரம் அதில் பாதிகூட வராது. கனமில்லாத பொருளைப் பிடிக்கும் மணிக்கட்டு கேமராவில் பொய் சொல்லாது. கைப்பிடியின் அடியிலிருந்து மேல்நோக்கித் துளையிட்டு, இரும்புக் கம்பித் துண்டுகளை இறுக்கிச் செருகி அடைத்துவிடுங்கள். மீன்வலை ஈயக் குண்டுகளைப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஈயத்தைக் கையாள்வது உடலுக்குத் தீங்கு, அது வேண்டாம்.

இனி வண்ணம். 120, 220, 400 என்று மூன்று படியாக உப்புத்தாள் தேய்த்து, சீலர் (மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சு) கொடுத்து, மறுபடியும் 400 தேய்த்து, பளபளப்பு இல்லாத கறுப்பை மெல்லியதாக இரண்டு முறை பூசுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு பென்சில் கரியைப் பொடி செய்து, பஞ்சுத் துணியால் தொட்டு வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தால் கறுப்புக்குள்ளிருந்து இரும்பின் ஒளி மெல்ல எழுந்து வரும். எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த கட்டம் இதுதான். மரத்தைத் தொடுகிறோம் என்று தெரிந்தும் விரல் குளிர்ச்சியை எதிர்பார்க்கும். அதன் மேல் வார்னிஷ் அடிக்காதீர்கள், அடித்தால் அந்த ஒளி மங்கிவிடும். வார்னிஷ் இல்லாததால் கரி கையிலும் துணியிலும் ஒட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். நடிகர் வெள்ளைச் சட்டைக்குள்ளிருந்து அதை எடுக்கும் காட்சி இருந்தால், கரி தேய்க்காத இரண்டாவது போலித் துப்பாக்கி ஒன்றைச் செய்து வைத்துக்கொள்வது நல்லது.

பதில் (தூத்துக்குடியிலிருந்து, வழக்கறிஞர்)

வேலை நுணுக்கத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்; சட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்கிறேன். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 6ஆம் பிரிவின்படி, போலித் துப்பாக்கி ஒன்றைச் சுடக்கூடிய துப்பாக்கியாக மாற்றுவதற்கு உரிமம் வேண்டும். சுடும் திறன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், துப்பாக்கியின் தோற்றம் உள்ள எதுவும் அந்தப் பிரிவில் போலித் துப்பாக்கியே. ஆகவே குழல் முழுவதும் ஓடும் துளையோ இயங்கும் உறுப்போ இல்லாத திண்ணிய மரக்கட்டையாக அது இருப்பது உங்களுக்கும் பாதுகாப்பு. செய்யும் ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாஞ்சி மணியாச்சி இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. நடைமேடையில் படமெடுக்கத் தென்னக ரயில்வேயிடம் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். விண்ணப்பத்தில் துப்பாக்கி போன்ற பொருள் பயன்படும் என்பதை மறைக்காமல் குறிப்பிட வேண்டும். ரயில்வே காவல் நிலையத்துக்கும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் நாளும் நேரமும் தெரிவித்துவிடுங்கள். அந்தப் பொருளைப் பூட்டிய பெட்டியில் மட்டுமே கொண்டு போக வேண்டும், காட்சி முடிந்தவுடன் அது பெட்டிக்குத் திரும்ப வேண்டும். நடைமேடையில் நிற்கும் பயணிக்கு நீங்கள் படம் எடுக்கிறீர்கள் என்பது தெரியாது. ஓர் இளைஞர் கையில் துப்பாக்கியோடு நடந்து வருவது மட்டுமே அவர் கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பதினைந்து நாள் கழித்து எழுதுகிறேன். அச்சிட்ட படத்தில் கடிதம் 9 செ.மீ.; உண்மையில் 13.5 செ.மீ. விகிதம் ஒன்றரை. படத்தில் துப்பாக்கி 11.8 செ.மீ. இருந்ததால் கணக்குப்படி 17.7 செ.மீ. வந்தது, அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி எச்சரித்தபடியே அது கொஞ்சம் கூடுதல் என்று கொண்டு, 17.2 செ.மீ.க்கு வெட்டச் சொன்னேன். மஞ்சள் கடம்பில் செய்த துப்பாக்கி இப்போது என் முன்னால் இருக்கிறது. கரி தேய்த்த அன்று இரவு அதை எடுத்துப் பார்த்த இயக்குநர் நெடுநேரம் கீழே வைக்கவில்லை.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. அதே பாயையும் அதே கடிதத்தையும் வைத்துச் சோதனைக்காக ஒரு காட்சி எடுத்துப் பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். உருவம் அப்படியே பொருந்துகிறது. ஆனால் பழையதில் மெல்லிய நீலச் சாயல் தெரிகிறது, புதியது வெறும் கறுப்பாகத் தெரிகிறது. கறுப்பில் நீலம் கலந்து மறுபடியும் பூச வேண்டுமா?

பதில் (அம்பாசமுத்திரத்திலிருந்து)

சோதனைக் காட்சியை எந்த வெளிச்சத்தில் எடுத்தீர்கள்? முதற்காட்சி காலை நேரத்துச் சன்னல் வெளிச்சத்தில் எடுத்ததாக இருந்து, சோதனையை இரவில் விளக்கின் கீழ் எடுத்திருந்தால், அந்த நீலம் வண்ணத்தில் இருந்ததாகாது, வானத்திலிருந்து வந்தது. ஒரு நாள் காலையில் அதே திசைச் சன்னலருகே வைத்து மறுபடியும் எடுத்துப் பாருங்கள். அப்போதும் வேறுபாடு தெரிந்தால் மட்டும் நீலம் கலக்கலாம். அதுவும் பத்துப் பங்கு கறுப்புக்கு ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். மணியாச்சி நடைமேடையில் காலை பத்தரை மணி வெயிலில் அது இன்னும் வேறாகத் தெரியும் என்பதால், படப்பிடிப்புக்கு முன் எங்காவது வெட்டவெளியில் அந்த நேரத்துக்கே ஒரு முறை பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

தாங்கள் சொன்னபடியே இன்று காலை ஏழரை மணிக்குக் கிழக்குச் சன்னலருகே வைத்து எடுத்தோம். நீலம் தானாகவே வந்துவிட்டது. வண்ணத்தைத் தொடவில்லை.