காகிதத் தலைக்கவசத்துக்கு ரெசினும் கண்ணாடி இழையும்: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வேடத்துக்காகக் காகிதத்தில் தலைக்கவசம் செய்து, அதை ரெசின் (ஹார்டனர் கலந்ததும் இறுகிக் கெட்டியாகும் பிசின் திரவம்) கொண்டு உறுதியாக்குவது எப்படி என்று பலர் கேட்கிறீர்கள். கைப்பழக்கத்தில் எனக்குத் தெரிந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் தொடருங்கள்.

முப்பரிமாண உருவத்தை வெட்டி ஒட்டும் காகிதத் துண்டுகளாக விரித்துத் தரும் பெப்பாகுரா போன்ற மென்பொருளில் கிடைக்கும் வடிவத்தை அச்சிட 160 முதல் 220 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) வரையுள்ள அட்டை போதும். சாதாரண 80 ஜிஎஸ்எம் தாள் ரெசின் பட்டதும் துவண்டுவிடும். பசையை உட்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெளியே வழிந்த பசையின் மேல் ரெசின் ஊறாது. மற்ற இடமெல்லாம் எண்ணெய் பட்ட தாளாக நிறம் மாறியிருக்க, அந்த இடம் மட்டும் வெளுத்து நிற்கும். விரலால் அழுத்தினால் உள்ளே போகும். செலோடேப் ஒட்டிய இடமும் அப்படித்தான்.

ஒட்டி முடித்ததும் எல்லோருக்கும் ஓர் அவசரம் வரும், உடனே டப்பாவைத் திறக்கத் தோன்றும். நான் வேண்டுமென்றே தள்ளிப்போடும் கட்டம் அது. நேர் எது, கோணல் எது என்று ரெசினுக்குத் தெரியாது. காகிதம் எந்த நிலையில் நிற்கிறதோ அதே நிலையில் அதை இறுக்கிவிடும். அதிலும் ஈரமான ரெசினைக் குடித்த அட்டை இறுகும் வரை இளகியே இருக்கும். கழுத்துப் பக்கம் திறந்திருப்பதால் தாடை இருபுறமும் விரியும், உச்சி அமுங்கும். நண்பர் ஒருவர் கொண்டுவந்து காட்டிய கவசத்தில் இடது கன்னம் வலது கன்னத்தைவிட ஒரு விரல் அகலம் வெளியே தள்ளியிருந்தது. எவ்வளவு பட்டி வைத்தாலும் அது மறையாது.

அதனால் உள்ளே குறுக்குச் சட்டம் கொடுங்கள். காதுக்குக் காது ஒன்று, நெற்றியிலிருந்து பிடரிக்கு ஒன்று, தாடையின் கீழ் விளிம்பில் ஒன்று. கெட்டி அட்டையை மடித்து ஒட்டினாலே சட்டம் ஆகிவிடும். மாதிரிப் படத்தில் தாடை அகலம் எவ்வளவோ, அளவுகோல் வைத்துப் பார்த்து அதே அளவில் ஒட்ட வேண்டும். பிறகு வெளிப்புறத்துக்கு மட்டும் மெல்லிய பூச்சு ஒன்று. அது நன்றாக இறுகிய பிறகு இரண்டாவது பூச்சு. அதற்குப் பின்புதான் சட்டங்களை வெட்டி எடுத்துவிட்டு உட்பக்கம் போக வேண்டும்.

உட்பக்கத்துக்கு நான் போடுவது துண்டு இழைப் பாய், அதாவது கண்ணாடி இழைத் துண்டுகளைப் பசையால் சேர்த்த விரிப்பு, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ளது. உள்ளங்கை அளவுத் துண்டுகளாகக் கையால் பிய்த்துக்கொள்கிறேன். கத்தரித்த விளிம்பு மேடாகத் தெரியும். பிய்த்த விளிம்பு பக்கத்துத் துண்டோடு கலந்துவிடும். முதலில் சுவரில் ரெசின் தடவி, அதன் மேல் துண்டை வைத்து, தூரிகையின் நுனியால் குத்திக் குத்தி ஊற வையுங்கள். சுண்ணாம்பு அடிப்பதுபோல் இழுத்தால் இழைகள் தூரிகையோடு சுருண்டு வந்துவிடும். வெள்ளையாக இருந்த பாய் சிறிது சிறிதாகக் கண்ணாடிபோல் தெளியும். வெள்ளை தெரியும் இடம் இன்னும் குடிக்கவில்லை என்று பொருள். பாயின் எடையைப்போல் இரண்டு அல்லது இரண்டரை மடங்கு ரெசின் தேவைப்படும். அதற்கு மேல் ஊற்றினால் கனம்தான் கூடும், வலு கூடாது.

கூர்மையான மூலைகளில் பாய் வளையாமல் பாலம்போல் நின்று, அடியில் காற்றைப் பிடித்துக்கொள்ளும். புருவ விளிம்பும் தாடை மூலையும் இதற்குப் பெயர்போன இடங்கள். அங்கே முன்கூட்டியே கார் பட்டியும் ரெசினும் கலந்த குழம்பைத் தடவி மூலையை உருட்டிவிட்டால் பாய் சமர்த்தாகப் படியும்.

இன்னொன்று. விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாயை, ரெசின் பாதி இறுகித் தோல்போல் இருக்கும்போதே கத்தியால் அறுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் கத்தி வழுக்கிக்கொண்டு போகும். விட்டுவிட்டால் மறுநாள் ரம்பம்தான், அதோடு கண்ணாடித் தூசியும்.

* * *

மேலே எழுதியவர் ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரைப் பற்றிப் பேசவே இல்லை. எனக்கு அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாலியெஸ்டர் ரெசினுக்கு ஹார்டனர் எடையில் 1 முதல் 2 சதவீதம். 100 கிராமுக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிராம். "சீக்கிரம் காயட்டும்" என்று கூட ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். என்னோடு வேலை செய்த ஒருவர் ஆழமான குவளை நிறையக் கலந்துவிட்டு, பாயைப் பிய்க்க உட்கார்ந்தார். தூரிகையை எடுக்கத் திரும்பியபோது குவளை புகைந்துகொண்டிருந்தது. தொட முடியாத சூடு, நடுவில் விரிசல். இறுகும்போது ரெசினே வெப்பத்தை வெளியிடும். ஆழமான குவளையில் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் வினையை இன்னும் விரட்டும். கொஞ்சமாகக் கலந்து அகலமான தட்டில் பரப்பிக்கொண்டால் அந்தத் தொல்லை குறையும். பாயை எப்போதும் முதலில் பிய்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சில இடங்களில் ரெசின், கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்), ஹார்டனர் என்று மூன்று பாட்டில்களாகத் தருவார்கள். கோபால்ட்டையும் ஹார்டனரையும் எந்தக் காரணத்தைக் கொண்டும் நேரடியாகக் கலக்கக் கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். ரெசினில் முதலில் கோபால்ட்டை நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் ஹார்டனர். இரண்டையும் ஒரே குச்சியால் தொடுவதுகூட வேண்டாம். ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணுக்குக் கவசம் இல்லாமல் அந்தப் பாட்டிலை நான் திறப்பதில்லை. தெறித்துவிட்டால் உடனே நிறையத் தண்ணீரில் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

முகக்கவசம் பற்றியும் ஒரு சண்டை இருக்கிறது. தூசிக்குப் போடும் துணி முகமூடி, பாலியெஸ்டர் ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் (வடிகட்டி) பொருத்தியதுதான் வேண்டும். வாசனை பழகிவிட்டது என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. மூக்கு மரத்துப்போனால் ஆவி குறைந்துவிட்டதாகுமா?

* * *

நான் பாலியெஸ்டரை விட்டு, எப்பாக்ஸி என்ற வேறு வகை ரெசின் பக்கம். அடுக்குமாடி வீட்டில் ஸ்டைரீன் வாடையோடு வேலை செய்தால் மாடி முழுவதும் கதவைத் தட்டும். ஆனால் வாடை இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். எப்பாக்ஸி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால், அது வாழ்நாள் முழுவதும் விடாது. நைட்ரைல் கையுறை கட்டாயம்.

எப்பாக்ஸிக்கு மாறுபவர்கள் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. பாலியெஸ்டரில் செய்வதுபோல் ஹார்டனரைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்ற முடியாது. டப்பாவில் என்ன விகிதம் எழுதியிருக்கிறதோ அதே விகிதத்தில் அளந்து கலக்க வேண்டும். தப்பினால் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். அடுத்தது, துண்டு இழைப் பாயைக் கட்டிப்பிடித்திருக்கும் பசை பெரும்பாலும் ஸ்டைரீனில் கரைவதற்கென்றே செய்யப்பட்டது. எப்பாக்ஸியில் ஸ்டைரீன் இல்லாததால் பாய் இளகாமல் விறைத்துக்கொண்டு நிற்கும். நெய்த கண்ணாடித் துணிதான் இதற்குப் பொருத்தம். மெல்லிய துணியாக எடுத்தால் வளைவுகளில் நன்றாகவே படியும்.

தெர்மோகோல் தலையின் மேல் மாட்டி வைத்து வேலை செய்பவர்கள் கவனியுங்கள். பாலியெஸ்டர் கசிந்து இறங்கினால் தெர்மோகோல் கரைந்து குழியாகிவிடும். எப்பாக்ஸி அதை ஒன்றும் செய்யாது.

* * *

தேய்ப்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே! பாலியெஸ்டரின் மேற்பரப்பு காற்றுப் பட்டால் முழுதாக இறுகாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதன் மேலேயே அடுத்த அடுக்கு போடுவதென்றால் அது நல்லதுதான். ஆனால் பட்டி வைப்பதற்கு முன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் உப்புத்தாள் அடைத்துக்கொள்ளும். 80 எண் தாளில் தொடங்கி 120, 220 என்று போங்கள். கடைசியில் 400ஐத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. முழுக்கைச் சட்டை போடுங்கள். அரிப்பு எடுத்தால் சொறியாமல் தண்ணீரில் கழுவுங்கள்.

மகன் இதைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டலாமா என்று கேட்டிருந்த அம்மாவுக்கு: கூடாது. கல்போல் கெட்டியாக இருக்கிறது என்பது வேறு, அடிபடும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது வேறு. இதற்குள் அதற்கான எதுவும் இல்லை. இது வேடத்துக்கு மட்டும்.

உள்ளே நிமிர்ந்து நிற்கும் இழை முட்கள் நெற்றியைக் கிழிக்கும். ஒரு பூச்சு ரெசின் கொடுத்துத் தேய்த்த பிறகு நுரைப் பஞ்சு ஒட்டுங்கள். மூச்சுக் காற்றால் கவசத்தின் கண் பகுதிக் கண்ணாடி மங்கும், அதற்குச் சின்ன மின்விசிறி வைப்பவர்கள் உண்டு. வைப்பதானால் கண்ணாடியை ஒட்டுவதற்கு முன்பே வைத்துவிடுங்கள். பிறகு கை நுழையாது.