உட்கார்ந்த மர பொம்மை: முட்டி பெயர்ந்து வருகிறது, அவசரம்

கெடிலக்கரை (கடலூர்), இரவு 11:20
கொலுவுக்கு மரத்தில் செட்டியார் பொம்மை செதுக்குகிறேன். நிற்கிற பொம்மைக்கு நல்ல பேட்டர்ன் ஒன்று கையில் இருக்கிறது. அதிலேயே காலை மடக்கி வரைந்து உட்கார்ந்த மாதிரி மாற்றிக்கொண்டேன். வலது முட்டி அப்படியே பெயர்ந்து வந்துவிட்டது. வேறு கட்டை எடுத்தேன், அதிலும் அதே இடம். நவராத்திரிக்கு நாள் இல்லை. சீக்கிரம் யாராவது சொல்லுங்கள்.

மரத்தூள், இரவு 11:41
என்ன மரம்? எவ்வளவு உயரம்? சம்மணமா, நாற்காலியா? மரத்தின் ரேகை (நார் ஓடும் போக்கு) எந்தப் பக்கம் ஓடுகிறது? படம் இருந்தால் போடுங்கள்.

வில்லியனூரான், இரவு 11:58
மரம் ஆறியிருக்காது. மில்லில் இருந்து வந்த பச்சைக் கட்டையை அப்படியே செதுக்கினால் இப்படித்தான் ஆகும். அதுவும் கடலோரக் காற்றில் மரம் ஈரத்தை வாங்கும், விடும். நிழலில் ஒரு வருஷமாவது கிடந்த மரமாகப் பாருங்கள்.

புதுப்பாளையம் அக்கா, காலை 6:10
தம்பி, உளியைத் தீட்டினீர்களா? மொண்ணை உளி மரத்தை வெட்டாது, பிய்க்கும். எங்கள் வீட்டில் அப்பா காலையில் உளியைக் கல்லில் தேய்த்து, முன்கையில் முடி மழிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கட்டையையே தொடுவார்.

உளிச்சத்தம் (மூத்த உறுப்பினர்), காலை 8:02
இங்கே இதே கேள்வி எத்தனையோ முறை வந்தாகிவிட்டது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. தாலக் கணக்கு, அதாவது சிலைக்கு உயரம் பிரிக்கும் சிற்ப அளவு, தெரியாமல் உளி எடுத்தால் இதுதான் கதி. ஒரு தாலத்துக்கு 12 அங்குலம் (இன்ச் அல்ல, சிலையின் உயரத்தைப் பகுத்து எடுக்கும் பங்கு), நவதாலத்துக்கு 108, உத்தம தசதாலத்துக்கு 124. இதை மனப்பாடம் செய்துவிட்டு வரட்டும், மற்றதை அப்புறம் பேசலாம்.

கெடிலக்கரை, காலை 9:15
சம்மணம்தான் சார், கடையில் செட்டியார் வேறு எப்படி உட்காருவார்? உயரம் 6 இன்ச். பக்கத்தில் நிற்கப்போகும் மரப்பாச்சியும் 6 இன்ச். நிற்கிற பொம்மைக்கென்று அறுத்து வைத்திருந்த கட்டைதான். உளி தீட்டியாயிற்று அக்கா.

மரத்தூள், காலை 10:30
மரம் என்னவென்று இன்னும் சொல்லவில்லை. பரவாயில்லை, கோளாறு தெரிந்துவிட்டது.

நிற்கிற பொம்மைக்கு ரேகை தலையிலிருந்து கால் வரை நேராக ஓடும். கையும் காலும் அந்தப் போக்கிலேயே இருப்பதால் தாங்கும். சம்மணம் போட்டால் தொடை பக்கவாட்டில் போகிறது, ரேகையோ இன்னமும் மேலும் கீழுமாகவே இருக்கிறது. முட்டியைப் பிடித்து வைக்க அங்கே நீளமான நாரே கிடையாது. மேலிருந்து கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) ஒரு தட்டு தட்டினால் பிளவு ரேகையோடு ஓடி முட்டியைச் சீவிக்கொண்டு போய்விடும். உங்களுக்கு நடந்தது அதுதான். கட்டையைப் படுக்கப் போட்டு, ரேகை இடமிருந்து வலமாக ஓடும்படி வரைந்தால் முட்டி பிழைக்கும், ஆனால் கழுத்து போய்விடும். பொம்மையில் ஆக மெலிசான இடம் அதுதான்.

அடுத்தது கட்டையின் அளவு. நிற்கும்போது தோள் அகலம் இருந்தால் போதும். உட்கார்ந்தால் முட்டிக்கு முட்டி தோளைவிட நன்றாக அகலும், முன்பக்கம் ஆழமும் கூடும். அதே கட்டைக்குள் அடக்கப் பார்த்தால் தொடை மெலிந்துதான் போகும். முன்பக்கப் படத்தை மட்டும் மாற்றினால் போதாது. மேலிருந்து பார்க்கிற படம் ஒன்றும் போடுங்கள். சம்மணத்துக்கு அதுதான் முக்கியம், பாதி பேர் அதை வரைவதே இல்லை.

உயரமும் தப்பு. நிற்கிற பேட்டர்னில் உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரை ஸ்கேல் வைத்து அளங்கள். அவ்வளவுதான் உட்கார்ந்த உயரம். பெரிய தலை வைத்த பொம்மைக்கு அது மொத்தத்தில் சுமார் அறுபது சதவீதம் வரும், அதாவது 6 இன்ச்சுக்கு மூன்றரை சொச்சம். நீங்கள் 6 இன்ச்சில் உட்கார வைத்திருக்கும் செட்டியார் எழுந்து நின்றால் 10 இன்ச், மேல்படியில் தலை முட்டும்.

வழி என்னவென்றால், இரண்டு துண்டாகச் செய்யுங்கள். இடுப்புக்கு மேலே ஒரு துண்டு, ரேகை செங்குத்தாக. மடியும் காலும் ஒரு துண்டு, ரேகை முட்டிக்கு முட்டி. வேட்டிக் கட்டு வருகிற வரியில் இணைப்பை வைத்து, நடுவில் மூங்கில் குச்சி இறக்கி ஒட்டினால் தொப்பைக்குக் கீழே ஒன்றும் தெரியாது. ஆந்திராவில் மர பொம்மைக்குப் பேர்போன கொண்டபள்ளியில் கை காலைத் தனித்தனியாகச் செதுக்கி, புளியங்கொட்டைப் பசையில் மரத்தூள் கலந்துதான் ஒட்டுகிறார்கள். ஒட்டுப் பொம்மை மட்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

உளிச்சத்தம், காலை 11:05
ஒரே கட்டையில் செய்வதுதான் சிற்பம். ஒட்டுவது தச்சு வேலை.

மரத்தூள், காலை 11:12
சரி. ஒரே கட்டைதான் வேண்டுமென்றால் ரேகையை நேராகவே வைத்து, முட்டிக்கு அடியில் குடையாமல் வேட்டியை அடிப்பலகை வரை படர விடட்டும். முட்டியைக் கடைசியில் கத்தியால் மட்டும் சீவினால் போதும், கொட்டாப்புளி அங்கே வேண்டாம். அப்புறம், செட்டியாருக்கு எதற்கு 124? அது சாமி அளவு. ஐந்து தலை உயரம், நல்ல தொப்பை, அதுதான் அவருக்கு அழகு.

புதுப்பாளையம் அக்கா, மதியம் 1:20
முதலில் களிமண்ணில் ஒன்று பிடித்துப் பாருங்கள் தம்பி, மடி எவ்வளவு அகலம் வேண்டும் என்று கைக்கே தெரிந்துவிடும். இல்லையென்றால் பேசாமல் வண்டிப்பாளையத்தில் மண் பொம்மை ஜோடியாக வாங்கிவிடுங்கள்.

வில்லியனூரான், மதியம் 1:44
மரத்தில்தான் வேண்டுமென்றால் கள்ளக்குறிச்சி போகலாம். 2021-இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை.

மரத்தூள், மதியம் 1:50
அதுவும் நம் தென்னாற்காடுதானே!

உளிச்சத்தம், மதியம் 2:03
தென்னாற்காடு 1993-லேயே கடலூர், விழுப்புரம் என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. கள்ளக்குறிச்சி விழுப்புரத்தோடு போய், 2019-இல் தனி மாவட்டம் ஆனது. பெருமை பேசும் முன் தெரிந்துகொண்டு பேசலாம்.

வில்லியனூரான், மதியம் 2:15
அப்படிப் பார்த்தால் எங்கள் வில்லியனூர் சுடுமண்ணுக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் குறியீடு இருக்கிறது. கடலூர்க்காரர்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்?

புதுப்பாளையம் அக்கா, மதியம் 2:18
பண்ருட்டி பலாப்பழம் வைத்திருக்கிறோம். வேண்டுமா?

நெறியாளர், மதியம் 2:40
மாவட்டச் சண்டைக்கு வேறு இழை தொடங்குங்கள். கேட்டவர் எங்கே போனார்?

(நான்கு நாள் கழித்து)

கெடிலக்கரை, இரவு 10:05
இரண்டு துண்டாகச் செய்தேன். முட்டி உடையாமல் தாங்குகிறது. செட்டிச்சியும் பாதி முடிந்தது. நன்றி. படம் அப்புறம் போடுகிறேன்.

தவளக்குப்பத்தான், மறுநாள் காலை 7:30
இழையைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி. நாற்காலியில் உட்கார்ந்த தாத்தா பொம்மைக்கும் இதே இரண்டு துண்டுதானா?

மரத்தூள், காலை 8:10
வேண்டாம். முழங்காலுக்குக் கீழே நேர் ரேகையிலேயே வரும். தொடை மட்டும்தான் குறுக்கே போகிறது, அதையும் நாற்காலிப் பலகை அடியில் தாங்கிக்கொள்ளும். தொடையைப் பலகையிலிருந்து பிரித்துக் குடையாதீர்கள். பாதம் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் விரல் உடையும், அதனால் அடிப்பலகையோடு சேர்த்தே விடுங்கள். நாற்காலியின் முன்கால்களைத் தனியாகச் சீவி, எல்லாம் முடிந்த பிறகு செருகிக்கொள்ளலாம். ஆமாம், என்ன மரம்?