ஆயக்காரன்புலம் பெரிய வீடு (வாட்ஸ்அப் குழு)

செல்வம்: புயல், நாகைக்கு ரெட் அலர்ட். மத்தியானத்துக்கு மேல் கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள் போல. அப்பாயிக்கு நெபுலைசர் வைக்க ஜெனரேட்டர் வேண்டும். அதில் போன வருசத்துப் பெட்ரோல்தான் கிடக்கிறது. பங்க்கில் சரியான கூட்டம். அப்பாவின் ஸ்ப்ளெண்டரில் டியூப் விட்டு எடுக்கவா?

மல்லிகா அத்தை: அம்மாவை நேற்றே திருத்துறைப்பூண்டிக்கு அனுப்பச் சொன்னேன். என் பேச்சை யார் கேட்டீர்கள்

சுந்தரம் சித்தப்பா: வாயால் ஒரு இழு இழுத்தால் வந்துவிடும்டா

வசந்தி சித்தி: நீங்கள் சும்மா இருங்கள். கஜா புயல் அப்போது நீங்கள் பெட்ரோல் இழுத்தது மறந்துபோச்சா

சுந்தரம் சித்தப்பா: அது வெறும் இருமல்

வசந்தி சித்தி: ஆஸ்பத்திரியில் படுக்க வைத்த இருமல்

கண்ணன் அண்ணன் (பட்டறை): செல்வம், வாயால் இழுக்கவே இழுக்காதே. வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து. கொஞ்சம் போனாலே புண்ணாகி மூச்சு முட்டும். தவறிப்போய் யாராவது விழுங்கினால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, திரும்பி வரும்போதும் நுரையீரலுக்குள் போகும். நேராக ஆஸ்பத்திரிதான்.

உனக்கு இழுக்கிற வேலையே இல்லை. அது பழைய ஸ்ப்ளெண்டர், டேங்க் அடியில் பெட்ரோல் காக் (திறந்து மூடும் திருகு) இருக்கிறது. காக்கை மூடு, கார்புரேட்டருக்குப் போகும் டியூபைக் கழற்று, நுனியைக் கேனுக்குள் விடு, காக்கைத் திற. கேன் தாழ இருந்தால் தானாக இறங்கும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். கேனைத் தரையில் வை. விளிம்பு வரை நிரப்பாதே, சூட்டில் விரியும்.

செல்வம்: என் புது வண்டியிலும் எடுக்கலாமா அண்ணா?

கண்ணன் அண்ணன் (பட்டறை): அதில் காக் கிடையாது, உள்ளே பம்ப். தொடாதே.

மல்லிகா அத்தை: வசந்தி கொடுத்த தார்ப்பாய் யாரிடம் இருக்கிறது? கூரைக்கு வேண்டும்

வசந்தி சித்தி: நான் கொடுத்தது உங்களிடம்தான் அக்கா

பிரியா (சென்னை): தண்ணீர் பாட்டிலில் பிடிக்காதே செல்வம். பிள்ளைகள் தண்ணீர் என்று குடித்துவிடும்

செல்வம்: 5 லிட்டர் எண்ணெய் டின் இருக்கிறது

கண்ணன் அண்ணன் (பட்டறை): தகர டின் நல்லது. கழுவிக் காயவைத்து, மூடியில் ரப்பர் இருக்கிறதா பார். பிடிக்கிற வேலையை வாசலில் செய். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து போகும். அப்பாயி ஏற்றிவைக்கும் விளக்கு, கொசுவத்தி, அடுப்பு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தொடங்கு.

அப்புறம் ஜெனரேட்டரில் கிடக்கும் பழைய பெட்ரோல். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், அது ஈரத்தை இழுக்கும். அதைக் கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வை. அடியில் தனியாக ஒரு படலம் தெரிந்தால் அதில் ஓட்டாதே. கார்புரேட்டர் அடியில் ட்ரெய்ன் ஸ்க்ரூ இருக்கும், அதைத் திறந்து மிச்சத்தை வடித்துவிட்டுப் புதுசை ஊற்று. போன வருசம் காக்கை மூடி, தானாக நிற்கும் வரை ஓட்டியிருந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கியிருக்காது.

சுந்தரம் சித்தப்பா: போன வருசம் எங்கே ஓட்டினார்கள், பெரியவன் வீட்டுக்குக் கொடுத்ததோடு சரி

ராஜா பெரியப்பா: சுந்தரம், அந்தப் பேச்சு வேண்டாம். ஜெனரேட்டர் வாங்கியதில் பாதிப் பணம் என்னுடையது

சுந்தரம் சித்தப்பா: பாதி என்று யார் சொன்னது

வசந்தி சித்தி: 🙏🙏

பிரியா (சென்னை): தண்ணீர் மோட்டார் ஜெனரேட்டரில் ஓடுமா? மேல் டேங்க்கில் தண்ணீர் இருக்கிறதா?

கண்ணன் அண்ணன் (பட்டறை): சின்ன ஜெனரேட்டர் தாங்காது. மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும். கரண்ட் இருக்கும்போதே டேங்க்கை நிரப்பிவிடுங்கள். ஜெனரேட்டரை வராந்தாவில் வைக்காதீர்கள், புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. 20 அடியாவது தள்ளி, ஜன்னல் பக்கம் இல்லாமல், மழை படாமல். மறுபடி ஊற்றும்போது நிறுத்தி ஆறவிட்டு ஊற்று.

மல்லிகா அத்தை: இவ்வளவு வேலைக்கு அம்மா என் வீட்டிலேயே இருக்கலாம். மாமா கார் கொண்டுவருவார்

செல்வம்: அப்பாயி வர மாட்டேன் என்கிறது அத்தை. மாட்டை விட்டு வராதாம்

ராஜா பெரியப்பா: நான் பேசிப் பார்க்கிறேன். செல்வம், நீ எதற்கும் பெட்ரோலை எடுத்து வை

செல்வம்: சரி பெரியப்பா. காக் இறுகிப்போயிருக்கிறது. கண்ணன் அண்ணா, ஃபோன் எடுங்கள்

மல்லிகா அத்தை: அப்போ கார் அனுப்பவா வேண்டாமா