நிலத்துக்கு மானியமா, உழவருக்கு மானியமா? ஐரோப்பிய வேளாண் கொள்கை பற்றி ஒரு விவாதம்

மேழி:
2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2028 முதல் 2034 வரைக்கான பட்ஜெட் வரைவை வெளியிட்டது. விவசாயத்துக்கென்று தனியாக இருந்த நிதியை வட்டார வளர்ச்சி நிதியோடு சேர்த்து ஒரே பெரிய நிதியாக்கப் போகிறார்கள். அதில் உழவர்களுக்கென்று குறைந்தது 30,000 கோடி யூரோவை ஒதுக்குவார்கள். இப்போது நடப்பில் இருக்கும் 2021-27 திட்டத்தில் மொத்தம் சுமார் 38,700 கோடி. ஆகவே டிசம்பரில் ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரஸ்ஸல்ஸ் தெருக்களில் டிராக்டர்கள் வந்து நின்றதில் ஆச்சரியமில்லை.

நான் பேச வந்தது அந்த வரைவில் இருக்கும் இன்னொரு விஷயம். ஹெக்டேர் கணக்கில் ஒரு உழவருக்கு ஆண்டுக்குக் கொடுக்கும் மானியம் 20,000 யூரோவைத் தாண்டினால் படிப்படியாகக் குறையும், ஒரு லட்சம் யூரோவோடு நின்றுவிடும். இது சரியான முடிவு என்பது என் கருத்து. மானியம் பெறுவோரில் சுமார் 20 சதவீதம் பேருக்கு ஏறக்குறைய 80 சதவீதப் பணம் போகிறது. 2005இல் ஒன்றியத்தில் 1 கோடியே 44 லட்சம் பண்ணைகள் இருந்தன, 2020இல் 91 லட்சம். பதினைந்து வருடத்தில் 53 லட்சம் பண்ணைகள் காணாமல் போயின. இத்தனை பணம் கொட்டியும் சிறியவர்களைக் காப்பாற்ற முடியவில்லை என்றால், பணம் போகும் வழியில்தான் கோளாறு.

நோர்மண்டிக்காரன்:
தம்பி, அந்த 80-20 கணக்கை எல்லோரும் சொல்கிறார்கள். ஹெக்டேருக்கு இவ்வளவு என்று கொடுத்தால் நிலம் யாரிடம் கூட இருக்கிறதோ அவரிடம்தான் பணமும் கூடப் போகும். அதில் மோசடி எதுவும் இல்லை. இந்தப் பணம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1992இல் மக்ஷாரி என்ற ஐரிஷ்காரர் வேளாண் ஆணையராக இருந்தபோது தானியத்தின் ஆதரவு விலையை ஏறக்குறைய 30 சதவீதம் வெட்டினார்கள். விலை குறைந்த நட்டத்துக்கு ஈடாகத்தான் ஹெக்டேர் பணம் வந்தது. இது யாரும் போட்ட பிச்சை அல்ல.

நான் இங்கே பிரான்சின் நோர்மண்டியில் பால் சேகரிக்கும் வேலையில் 18 வருடமாக இருக்கிறேன். தினமும் பண்ணைவாசலில் நின்று பேசுகிறவன். ஒரு கையால் ஈட்டுத்தொகையைக் குறைத்து, மறு கையால் தென் அமெரிக்க இறைச்சிக்குக் கதவைத் திறந்தால் இவர்கள் எதை நம்பி மாடு வளர்ப்பார்கள்?

மேழி:
ஐயா, ஈடு என்றால் யாருடைய நட்டத்துக்கு? 1992இல் உழுதவர் பெரும்பாலும் ஓய்வு பெற்றுவிட்டார். 2003இல் அப்போதைய வேளாண் ஆணையர் ஃபிஷ்லரின் சீர்திருத்தத்தில் விளைச்சலுக்கும் பணத்துக்கும் இருந்த தொடர்பையே பெரும்பாலும் அறுத்துவிட்டார்கள். என்ன பயிரிட்டாலும், எவ்வளவு விளைந்தாலும் பணம் உண்டு, நிலத்தை நல்ல நிலையில் வைத்திருந்தால் போதும். இதில் குத்தகைக்காரர் பாடுதான் மோசம். மானியம் நிலத்தோடு ஒட்டிக்கொண்டே இருப்பதால் நிலச் சொந்தக்காரர் அதைக் கணக்குப் பார்த்துக் குத்தகையை ஏற்றிவிடுகிறார். புதிதாக விவசாயத்துக்கு வரும் 25 வயதுப் பையனுக்கு முதல் தடையே நில விலைதான். உழவருக்கு என்று கிளம்பிய பணம் பாதி வழியில் வேறு பைக்குள் போய்விடுகிறது.

லுப்ளின்வாசி:
போலந்தின் கிழக்கு எல்லைப் பக்கம் இருக்கிறேன். இங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

2004இல் போலந்து ஒன்றியத்தில் சேர்ந்தபோது இங்குள்ள உழவர்களுக்கு மேற்கு நாடுகளின் அளவில் 25 சதவீதம்தான் நேரடி மானியம். அதிலிருந்து வருடா வருடம் ஏற்றினார்கள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. அப்புறம் 2022. ரஷ்யப் படையெடுப்பில் கருங்கடல் துறைமுகங்கள் முடங்கின. ஜூன் மாதம் உக்ரைன் பொருள்களுக்கு ஒன்றியம் சுங்கத்தையும் ஒதுக்கீட்டு வரம்பையும் எடுத்துவிட்டது. செய்ய வேண்டிய உதவிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தானியம் எந்த வழியாகப் போகும் என்பதை யாரும் சரியாகத் திட்டமிடவில்லை. உக்ரைன் ரயில் பாதையின் அகலம் 1,520 மில்லிமீட்டர், போலந்தில் 1,435. எல்லையில் பெரும்பாலான வண்டிகளைக் காலி செய்து வேறு வண்டியில் ஏற்ற வேண்டும். வடக்கே கடலோரத்தில் இருக்கும் க்டான்ஸ்க் துறைமுகத்துக்குப் போக வேண்டிய கோதுமையில் பெரும்பகுதி வழியிலேயே, இந்தப் பக்கத்துக் கிடங்குகளில் தங்கிவிட்டது. அறுவடைக்கு வந்த உள்ளூர்க்காரருக்குக் கிடங்கில் இடமும் இல்லை, விலையும் இல்லை.

2023 ஏப்ரலில் போலந்து, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா மூன்றும் தாங்களாகவே தடை போட்டன. மே மாதம் ஆணையம் கோதுமை, மக்காச்சோளம், ரேப்சீட் என்ற எண்ணெய் வித்து, சூரியகாந்தி விதை நான்குக்கும் ஐந்து எல்லை நாடுகளில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. செப்டம்பர் 15இல் அது முடிந்தது, அந்த மூன்று நாடுகளும் தங்கள் தடையைத் தொடர்ந்தன. ஒற்றைச் சந்தை என்று பெயர், வணிகக் கொள்கை பிரஸ்ஸல்ஸின் கையில் மட்டும் என்று சட்டம். ஆனாலும் ஒரு கிடங்கு நிரம்பியதும் மூன்று அரசுகள் விதியை மீறின. 2024 பிப்ரவரியில் எல்லையில் தானியத்தைத் தரையில் கொட்டியதைப் பார்த்து மனம் கனத்தது. உணவைக் கொட்டியது தப்பு. ஆனால் அந்த நிலைக்குத் தள்ளியதில் எல்லோருக்கும் பங்கு உண்டு.

வைகறை:
லுப்ளின் நண்பர் சொன்னது போக்குவரத்துக் கோளாறு. அதற்கு மருந்து தடை அல்ல, ரயில் பாதையும் துறைமுகமும்தான். உக்ரைன் தன் சொந்தக் கடல்வழியை மீட்டதும் அந்த நெருக்கடி பெரிதும் தணிந்ததே.

காப்பு வேலி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்தக் கண்டமே சாட்சி. 1962இல் தொடங்கிய கொள்கை விலையை உயர்த்திப் பிடித்தது, வெளியிலிருந்து வருவதற்கு வரி போட்டது, விற்காததை அரசே வாங்கியது. 1980களில் வெண்ணெய் மலை மலையாகக் குவிந்தது. ஒன்றியத்தின் பட்ஜெட்டில் மூன்றில் இரண்டு பங்கு இதற்கே போனது. மிச்சத்தை ஏற்றுமதி மானியம் கொடுத்து ஏழை நாடுகளின் சந்தையில் தள்ளினார்கள். உலக வணிக அமைப்பு ஏற்றுமதி மானியத்தை முடிவுக்குக் கொண்டுவர ஒப்புக்கொண்டது 2015இல், நைரோபியில். அதுவரை அடிபட்டது ஆப்பிரிக்கப் பால்காரரும் கோழி வளர்த்தவரும்.

கரிசல்:
ஒரு சந்தேகம். நம் ஊரில் நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை கேட்டுப் போராடுகிறோம். அங்கே அதைத்தான் கைவிட்டார்கள் என்கிறீர்கள். விலையை உறுதி செய்வதே தப்பா?

வைகறை:
தப்பு என்று சொல்ல மாட்டேன். விலைக்கு உறுதி கொடுத்துவிட்டு அளவுக்கு எல்லை வைக்காததுதான் அவர்கள் செய்த பிழை. 1984இல் பால் உற்பத்திக்கு ஒதுக்கீடு, அதாவது இவ்வளவுதான் என்ற வரம்பு, கொண்டுவந்ததே அதைத் திருத்தத்தான். ஒன்றை மறக்கக் கூடாது: அந்த உபரிப் பால்பவுடரும் வெண்ணெய் எண்ணெயும் 1970களில் உலக உணவுத் திட்டம் வழியாக இந்தியாவுக்கு இலவசமாக வந்தன. வெண்மைப் புரட்சியை நடத்திய குரியன் அதைச் சும்மா கொட்டவில்லை. உள்ளூர் பால் விலை விழாதபடி சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் விற்று, வந்த காசில் கூட்டுறவுகளைக் கட்டினார். உபரி எப்படிக் கையாளப்படுகிறது என்பதில்தான் நன்மையும் தீமையும் இருக்கின்றன. எல்லா நாட்டுக்கும் ஒரு குரியன் கிடைக்கவில்லை.

நோர்மண்டிக்காரன்:
ஒதுக்கீட்டைப் பற்றிச் சொன்னீர்கள், அதன் முடிவையும் நான் சொல்கிறேன். 2015 மார்ச் 31ஆம் தேதி பால் ஒதுக்கீட்டை எடுத்தார்கள். ரஷ்யா முந்தைய ஆகஸ்டிலேயே ஐரோப்பிய உணவுப் பொருள்களுக்குத் தடை போட்டிருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் கறவையைக் கூட்டினார்கள். 2014 தொடக்கத்தில் கிலோ 40 சென்ட் அளவில் இருந்த பால் விலை 2016இல் 30 சென்ட்டுக்குக் கீழே போனது. அரசுக் கிடங்கில் பால்பவுடர் திரும்பவும் மூன்றரை லட்சம் டன்னைத் தாண்டியது. சந்தையைத் திறந்தால் தானே சரியாகும் என்று அன்றைக்கும் சொன்னார்கள். நான் பால் எடுக்கப் போன வீடுகளில் சிலது அந்த இரண்டு வருடத்தில் மாட்டை விற்றுவிட்டன. திரும்ப வாங்கவே இல்லை.

இப்போது மெர்கோசூர், அதாவது பிரேசில் உள்ளிட்ட தென் அமெரிக்க நாடுகளின் வணிகக் கூட்டமைப்பு. 2024 டிசம்பரில் பேசி முடித்த ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 99,000 டன் மாட்டிறைச்சி 7.5 சதவீத வரியில் வரும். மொத்த நுகர்வில் ஒன்றரை சதவீதம்தானே என்கிறார்கள். வருவதில் முழு மாடு இல்லை, விலை அதிகமான இடுப்புப் பகுதித் துண்டுகள்தான் கூட. இங்குள்ள பண்ணைக்கு லாபம் தருவதும் அதே துண்டுகள்தான். அதைவிடப் பெரிய அநியாயம் விதியில் இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் கொடுத்த இறைச்சிக்கு இங்கே 1980களிலிருந்தே தடை. 2024இல் ஆணையம் பிரேசிலில் தணிக்கை செய்தபோது, ஏற்றுமதிக்கான பெண் மாடுகளுக்கு ஈஸ்ட்ராடையால் என்ற ஹார்மோனைக் கொடுக்கவில்லை என்று அந்த நாட்டால் உறுதி சொல்ல முடியவில்லை. அட்ரசின் களைக்கொல்லியை நாங்கள் இருபது வருடமாகத் தொடுவதில்லை, அங்கே தாராளமாகத் தெளிக்கிறார்கள். உள்ளே என்ன விதியோ அதுவே வெளியிலிருந்து வருவதற்கும் வேண்டும். பிரான்சில் இதைக் கண்ணாடி விதி என்று கேட்கிறார்கள். அது கேட்கக் கூடாத கோரிக்கையா?

வைகறை:
நியாயமான கோரிக்கை. ஆனால் இங்கே தடை செய்த பூச்சிமருந்துகளை ஐரோப்பியத் தொழிற்சாலைகளே தயாரித்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கின்றன. முதலில் அதை நிறுத்தச் சொல்லி நீங்களும் குரல் கொடுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடி ஒரு பக்கம்தான் காட்டும்.

நோர்மண்டிக்காரன்:
கொடுக்கிறேன். அதில் உங்களோடு நிற்கிறேன்.

லுப்ளின்வாசி:
மேழி சொன்ன உச்சவரம்புக்கு வருகிறேன். 2018இலும் ஆணையம் ஒரு லட்சம் யூரோ வரம்பு கேட்டது. கூலிச் செலவைக் கழித்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. கடைசியில் நாடுகள் விருப்பப்பட்டால் வைக்கலாம் என்று நீர்த்துப் போனது. இந்த முறையும் அதே சண்டைதான் வரும். பழைய கிழக்கு ஜெர்மனியில் கூட்டுப்பண்ணையிலிருந்து வந்த பெரிய கூட்டுறவுகள் நிறைய உண்டு. நிலம் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் இருக்கும், ஆனால் உறுப்பினர்களும் வேலையாட்களுமாகப் பல குடும்பங்கள் அதை நம்பியிருக்கும். அதையும் ஒற்றை முதலாளியின் பண்ணையையும் ஒரே வரம்புக்குள் வைப்பது சரியா? அப்படி வைத்தால் காகிதத்தில் பண்ணையைப் பத்தாக உடைப்பார்கள், அவ்வளவுதான்.

மேழி:
இந்த இடத்தில் நான் இறங்கி வருகிறேன். வேலையாட்களின் கூலியைக் கழித்துத்தான் வரம்பு போட வேண்டும், காகிதத்தில் உடைப்பதைத் தடுக்க உண்மையான உரிமையாளர் யார் என்று பார்க்க வேண்டும். ஆனால் வரம்பு வேண்டும். இன்னொரு வழி பிரான்சிலேயே இருக்கிறது. 2015 முதல் அங்கே முதல் 52 ஹெக்டேருக்குக் கூடுதல் தொகை கொடுக்கிறார்கள். சிறியவருக்கும் நடுத்தரமானவருக்கும் அது நேராகப் போகிறது. அந்தப் பங்கை நான்கு மடங்காக்கினால் வரம்புச் சண்டையே பாதியாகக் குறையும்.

நோர்மண்டிக்காரன்:
52 ஹெக்டேர் யோசனைக்கு நான் கையெழுத்துப் போடுவேன். எங்கள் பக்கம் மாடு வைத்திருக்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு அது நல்லது. தானியக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். ஆனால் அதற்காக 2024இல் கிடைத்ததைத் திரும்பப் பிடுங்கக் கூடாது. நான்கு சதவீத நிலத்தைத் தரிசாகப் போட வேண்டும் என்ற கட்டாயம் போனதும், பத்து ஹெக்டேருக்குக் கீழ் உள்ளவருக்கு அபராதச் சோதனை இல்லை என்றானதும் பெரிய ஆறுதல்.

மேழி:
பத்து ஹெக்டேர் விலக்கு சரி. தரிசு விஷயத்தில் ஒத்துப்போக மாட்டேன். தேனீயும் வயல் பறவையும் போன பிறகு எந்த மானியம் கொடுத்து அழைத்து வருவது? கட்டாயம் வேண்டாம் என்றால், தரிசாக விடும் நிலத்துக்கு அதில் விளையும் கோதுமைக்கு நிகராகப் பணம் கொடுங்கள் என்று கேளுங்கள். அந்தக் கோரிக்கைக்கு டிராக்டரில் ஏறி நானும் வருகிறேன்.

லுப்ளின்வாசி:
ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. உக்ரைனிடம் சுமார் 4 கோடி ஹெக்டேர் விவசாய நிலம் இருக்கிறது, சில நிறுவனங்கள் லட்சக்கணக்கான ஹெக்டேரில் பயிர் செய்கின்றன. நாளைக்கு அது ஒன்றியத்தில் சேர்ந்து இதே ஹெக்டேர் கணக்கு தொடர்ந்தால் போலந்துக்காரருக்கு என்ன மிஞ்சும்? 52 ஹெக்டேர், கூலிக்கழிவு எல்லாம் அதற்கு முன்பே எழுதி முடிக்க வேண்டியவை. இங்கே சேர்க்கையை எதிர்ப்பவரும் ஆதரிப்பவரும் ஒரே மேசையில் உட்காரும் விஷயம் இது ஒன்றுதான்.