பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்ச் போடவா, நேரா விற்கவா?

வணக்கமுங்க, நான் கோபிச்செட்டிபாளையம். எங்க அம்மணி காலேஜ் சேருகிறாள், புது லேப்டாப் எடுக்க வேண்டும். பழையது ஏழாம் தலைமுறை ஐ5 பிராசசர், 2022-ல் கைக்காசு போட்டு 16 ஜிபி ராமும் 512 ஜிபி எஸ்எஸ்டியும் மாற்றினேன், இன்னும் சும்மா பறக்கிறது.

ஈரோட்டில் ஒரு கடைக்காரர் மூடியைத் திறந்து, வலது கீலை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்து, திரை மூலையில் இருந்த அரிசி அளவு வெள்ளைப் புள்ளியை விரலால் தொட்டுக் காட்டி, எக்ஸ்சேஞ்சில் 3,500 ரூபாய் என்றார். ராம், எஸ்எஸ்டி கணக்கிலேயே வரவில்லை, மனசு கேட்கவில்லைங்க. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது, இந்த பிராசசர் 11-க்கு முறைப்படி ஏறாது, அதனால் விலை குறையும் என்பது புரிகிறது, ஆனாலும் இவ்வளவா?

நேரா விற்றால் எவ்வளவு கேட்கலாம்? எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுப்பது நல்லதா? அதில் தோட்டத்துப் பத்திரங்கள், பேங்க் பேப்பர் எல்லாம் இருந்தன, வெறுமனே அழித்துவிட்டு முன்பின் தெரியாதவர் கையில் கொடுக்க பயமாக இருக்கிறது. அப்புறம், வாங்குபவரிடம் ஆதார் நகலும் கையெழுத்தும் வாங்கி வைத்தால் போதுமா?

கோவை காந்திபுரம் பக்கம் நியாயமாக எடுக்கிற கடை தெரிந்தால் சொல்லுங்க. அடுத்த வாரத்துக்குள் முடிக்கணும்.