பெரிய வீட்டுச் சொந்தங்கள் (வாட்ஸ்அப் குழு): மோட்டார் அறைக்குப் பூட்டு

செல்வி: காலையிலிருந்து குழாயில் தண்ணீர் இல்லை. வீட்டுக்காரர் மோட்டார் அறையைப் பூட்டிவிட்டார். மாத முடிவில் காலி செய்ய வேண்டுமாம். பெங்களூரிலிருந்து மகன் குடும்பத்தோடு வருகிறானாம்.

ராணி: அக்கிரமம்! வாடகை பாக்கி ஏதாவது இருக்கிறதா?

செல்வி: ஒரு ரூபாய் கிடையாது அக்கா. இந்த மாதம் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்தான் வாங்க மறுக்கிறார்.

கதிர்: அசையாதே செல்வி. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கும்வரை யாராலும் உன்னை ஒன்றும் செய்ய முடியாது. என் வீட்டில் குடியிருப்பவர் வருடக்கணக்காக அதைச் சொல்லித்தான் என்னை மிரட்டுகிறார்.

பாபு: (படம்) இனிய காலை வணக்கம் 🌹

ராணி: பாபு, நேரம் காலம் இல்லையா?

யாழினி: மாமா, உங்களுக்குப் பொருந்துவது புதுச்சேரியின் 1969ஆம் ஆண்டுச் சட்டம். சித்தி இருப்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில். தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டார்கள். 2019 பிப்ரவரியிலிருந்து 2017ஆம் ஆண்டின் புதிய சட்டம்தான் நடைமுறையில் இருக்கிறது.

கதிர்: எல்லை தாண்டினால் பிராந்தி விலைதான் மாறும் என்று நினைத்திருந்தேன்.

ராணி: பிள்ளைகள் இருக்கிற குழு அண்ணா!

யாழினி: சித்தி, முதலில் தண்ணீர். என்ன தகராறு இருந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. இந்தச் சட்டப்படி நியமித்திருக்கும் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்தால், விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போடலாம். பூட்டைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள்.

செல்வி: வாடகைப் பணத்தை என்ன செய்வது?

யாழினி: மணியார்டரில் அனுப்புங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடமே கட்டலாம். கையில் வைத்திருந்தீர்கள் என்றால், நாளைக்கு வாடகை தரவில்லை என்று உங்கள் மேலேயே வழக்குப் போடுவார்.

கதிர்: அப்படியானால் காலி செய்ய வேண்டாம், அவ்வளவுதானே?

யாழினி: அவசரப்படாதீர்கள் மாமா. மகனுக்கு வீடு வேண்டும் என்பது சட்டம் ஏற்கும் காரணம்தான். ஆனால் அவர் வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டும். பூட்டுப் போடுவதும் வாசலில் நின்று கத்துவதும் உத்தரவு ஆகாது. சித்தி, ஒப்பந்தம் இருக்கிறதா?

செல்வி: குடிவந்தபோது பதினொரு மாதத்துக்கு எழுதினோம். பிறகு புதுப்பிக்கவில்லை. பதினொரு மாதம்தானே, பதிவு தேவையில்லை என்றார்.

யாழினி: எல்லோரும் சொல்கிற கதை. இப்போது எத்தனை மாதமானாலும் எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தம் போடத் தவறியதையே காரணம் காட்டிக் காலி செய்யச் சொல்லிக் கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதனால் கடைசிவரை மோதுவது நமக்கு நல்லதில்லை. மூன்று மாத அவகாசமும் முழு அட்வான்ஸும் எழுத்தில் கேட்போம்.

செல்வி: அட்வான்ஸ்தான் பயம். அதை வைத்துத்தான் அடுத்த வீடு பார்க்க வேண்டும்.

யாழினி: காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் தர வேண்டும். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கவே கூடாது.

ராணி: அண்ணா, நீங்கள் எத்தனை மாதம் வாங்கினீர்கள்?

கதிர்: எனக்குச் சட்டம் வேறு என்று இப்போதுதானே உன் மகள் சொன்னாள்!

செல்வி: வக்கீலுக்குக் கொடுக்க என்னிடம் பணம் இல்லை யாழினி.

யாழினி: பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு சித்தி. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், இல்லையென்றால் 15100க்கு போன் செய்யலாம். மனுவை நான் எழுதுகிறேன். பழைய ஒப்பந்தத்தைப் படமெடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் போடாதீர்கள்.

செல்வி: பீரோவில் இருக்கிறது. இவர் சாவியோடு கடைக்குப் போய்விட்டார். மதியம் அனுப்புகிறேன்.