கம்பஸ் தொடங்கினா சனி, ஞாயிறு மட்டும் குதிரை ஏறலாமா?

மாங்குளம்_சவாரி:
வணக்கம். குதிரை மாங்குளத்தில வீட்டிலதான் நிக்குது. பெண்குதிரை, 9 வயசு, கிட்டத்தட்ட 300 கிலோ. எனக்கு வவுனியாப் பல்கலைக்கழகம் கிடைச்சிருக்கு. கிழமை நாளில பம்பைமடு ஹொஸ்டல், வெள்ளி பின்னேரம் வீடு. சனி, ஞாயிறு மட்டும் ஏறினா அதுக்குக் கெடுதலா? தீனி: கோ-3 புல் (மாட்டுக்கு வளக்கிற உயரத் தீவனப்புல்), நாளுக்கு 2 கிலோ தவிடு, கொஞ்சம் கொள்ளு. தம்பி பாப்பான், ஆனா ஏறத் தெரியாது.

முறிகண்டி:
தங்கச்சி, ஏறுறது கெடுதல் இல்லை. அஞ்சு நாள் கட்டிவைச்சு முழுத்தீனியும் போட்டு, சனி விடியப் பாய விடுறதுதான் கெடுதல். தசை பிடிச்சிடும்: பின்னங்கால் விறைக்கும், இடுப்புத் தசை கல்லாட்டம் இறுகும், வேர்த்துக் கொட்டும், மூத்திரம் கோப்பி நிறத்தில போகும். அப்பிடிக் கண்டா ஒரு அடியும் நடத்தாதேங்கோ. சேணத்தைக் கழட்டி, நிழலில தண்ணி வைச்சு, மிருகவைத்தியரைக் கூப்பிடுங்கோ.

வேலை இல்லாத நாளில தவிட்டையும் கொள்ளையும் பாதியாக்குங்கோ, புல்லைக் குறைக்க வேண்டாம். பகலில வளவுக்குள்ள அவிட்டு விடுங்கோ. தம்பி ஏறத் தேவையில்லை. 8 மீற்றர் கயித்தைப் பிடிச்சுக்கொண்டு குதிரையை வட்டமா 20 நிமிசம், பக்கம் மாத்தி மாத்தி, சுத்த விட்டா, கிழமைக்கு ரெண்டு நாள் காணும். வட்டம் சின்னனானா மூட்டுக்குக் கூடாது. சனிக்கிழமை நீங்கள் ஏறேக்க, முதல் 15 நிமிசமும் நடை மட்டும்.

ஒட்டுசுட்டான்_வளவு:
எனக்குத் தீனிதான் பயமா இருக்கு. கோ-3 புல்லில ஒக்சலேற் இருக்கு, அது கல்சியத்தைப் பிடிச்சு வைச்சுக்கொள்ளும். தவிட்டில பொஸ்பரஸ் அளவுக்கு மிஞ்சி, கல்சியம் சொற்பம். ரெண்டும் சேர்ந்து மாதக்கணக்கில போனா எலும்பில இருந்து கல்சியம் கரையும், முகம் வீங்கும், காரணம் தெரியாமல் நொண்டும். மாடு இதே தீனியில நல்லா நிக்கும், அதாலதான் கனபேர் கவனிக்கிறேல்லை. தவிட்டை 1 கிலோவுக்குக் குறைச்சு, அதோட தீவனத்துக்கான கல்சியம் காபனேற்று 50 கிராம் கலவுங்கோ. வெத்திலைச் சுண்ணாம்பு போடக்கூடாது, வாய் வெந்திடும். இப்பில்-இப்பில் (சவுண்டல்) மரத்துத் தழையும் வேண்டாம், பிடரிமயிர், வால்மயிர் கொட்டும்.

மாங்குளம்_சவாரி:
நன்றி அண்ணா. சோதனை நேரம் ரெண்டு, மூண்டு கிழமை வர ஏலாமல் போகும். அப்ப?

முறிகண்டி:
மூண்டு கிழமையில மூச்சுப்பலம் பெரிசாக் குறையாது. ஒரு மாதத்துக்கு மேல விட்டா, முதல் ரெண்டு கிழமையும் நடையும் லேசான துள்ளோட்டமும்தான். குளம்பு சீவுறதை மட்டும் சோதனைக்காகப் பிந்த விடாதேங்கோ, 6 - 8 கிழமைக்கு ஒருக்கா கட்டாயம்.

குளக்கட்டு:
மாரியில தம்பியைத் தினமும் குளம்புக்குள்ள இருக்கிற சேத்தைக் கிண்டி எடுக்கச் சொல்லுங்கோ. நடுத்தவளை (குளம்புக்கு அடியில நடுவில இருக்கிற மெத்தென்ட முக்கோணப் பகுதி) பள்ளத்தில கறுத்த, நாறுற கசிவு வந்தா அழுகல் தொடங்கிட்டுது. காய்ஞ்ச இடத்தில கட்ட வேணும். கச்சான் காத்து அடிக்கிற வெயில் காலத்தில காலமை 8 மணிக்கு முதல் சவாரியை முடிச்சிடுங்கோ. பழகின கிரவல் றோட்டையும் குளக்கட்டையும் விட்டுப் பத்தைக்குள்ள இறக்காதேங்கோ, மிதிவெடிச் சிவப்புப் பலகை இன்னும் நிக்கிற இடங்கள் இருக்கு. யானை வாற பக்கமெண்டா பின்னேரம் 5 மணிக்குப் பிறகு வெளிக்கிடவே வேண்டாம்.